கொம்பையாவுக்கு இன்னும் எழுநூறு பக்கம்

செங்கமலத்துக்கு நாற்பத்தாறு வயதில் நூலகர் வேலை கிடைத்தது.

மகள் தபால் வழியில் நூலகப் படிப்பு படித்தாள். அவளுக்குத் துணையாக இவளும் சேர்ந்து படித்தாள். வேலைக்கான தேர்வில் மகள் கோட்டை விட்டாள், அம்மா தேறிவிட்டாள். ஒரு வாரம் அந்த வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அப்புறம் மகளே ஒரு கைப்பை வாங்கிக் கொடுத்து, "போயிட்டு வா, கதைதின்னி" என்று அனுப்பிவைத்தாள்.

கதைதின்னி என்றது பொய்யில்லை. சாம்பார் கொதிக்கிற நேரத்தில் நாவல், துணி மடிக்கிற நேரத்தில் சீரியல், கண் சொக்குகிற வரைக்கும் போனில் தொடர். இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய்ப் பத்தாயிரம் புத்தகத்துக்கு நடுவில் உட்காரவைத்தால் எப்படி இருக்கும்? கரும்பு தின்னக் கூலியா!

பேருந்து நிலையத்தை ஒட்டிய கிளை நூலகம் அது. பொறுப்பில் இருந்தவர் ரஹ்மத் நிஷா. செங்கமலத்தைவிடப் பதினைந்து வயது இளையவர். இவள் அவரை மேடம் என்பாள், அவர் இவளை அக்கா என்பார். எதையும் வாயால் விளக்கிச் சொல்கிற பழக்கம் நிஷாவுக்குக் கிடையாது. அவர் பாட்டுக்குச் செய்வார். நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செங்கமலம் பார்த்துக்கொண்டாள். அட்டை எழுதக் கற்றாள், அடுக்கக் கற்றாள், தேதி முத்திரை குத்தக் கற்றாள். வாயை அடக்க மட்டும் கற்கவில்லை.

பேருந்து நிலையத்தில் நேரம் குறிப்பவர் அருளப்பன். ஒரு வண்டி போய் அடுத்த வண்டி வருவதற்குள் நாலு பக்கம் படித்துவிடுவார். அந்தச் சமயம் அவர் நாலு பாகக் கதை ஒன்றில் விழுந்து கிடந்தார். மலைக்காட்டில் தபால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற கொம்பையா என்பவனின் கதை.

ஒரு நாள் இரண்டாம் பாகத்தோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கொம்பையா வெள்ளத்துல தப்பிச்சிட்டாம்மா! மரத்தைப் பிடிச்சுக்கிட்டே ராத்திரி பூரா தொங்கியிருக்கான். நான் துறையூர் வண்டிக்கு நேரம் போட மறந்துட்டேன்னா பாத்துக்க."

செங்கமலத்துக்கு அந்தக் கதை மனப்பாடம். சந்தோஷம் தாங்கவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்களே, அது இந்த இடத்தில்தான் நடந்தது.

"இதுக்கே இப்படியா சார்? நாலாம் பாகத்துல அவன் செத்துப்போவான் பாருங்க. நான் ரெண்டு நாள் சோறே திங்கலை!"

அருளப்பன் கையில் எடுத்திருந்த மூன்றாம் பாகத்தை மேசைமேல் வைத்தார்.

"வண்டி வந்துரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நேரத்தில் வண்டி எதுவும் கிடையாது.

மறுநாள் வரவில்லை. மறுவாரமும் வரவில்லை. காலையில் பேருந்தை விட்டு இறங்கும்போது செங்கமலம் அவரைப் பார்ப்பாள். பஜ்ஜி மடித்து வந்த தாளை விரித்துவைத்துப் படித்துக்கொண்டிருப்பார். இவளைப் பார்த்தால் அந்தத் தாளையும் மடித்துவிடுவார். அது அவளுக்கு ரொம்பவே வலித்தது. ஒரு மனுஷனின் வாசிப்பையே கெடுத்துவிட்டோமே என்று உள்ளுக்குள் அரித்தது. மூன்றாம் பாகத்தை அலமாரியில் வைக்க மனமில்லாமல் மேசையிலேயே வைத்திருந்தாள்.

கடைசியில் நிஷாவிடம் போய் நின்றாள்.

"மேடம், குடுத்த புத்தகத்தைத் திருப்பி வாங்கிரலாம். சொன்ன சொல்லை எப்படித் திருப்பி வாங்குறது?"

நிஷா கிழிந்த அட்டைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்.

"மத்தியானம் என்ன சாப்பாடுக்கா?"

"வத்தக்குழம்பு. நான் கேட்டது..."

"சாப்பிடும்போது ஒரு தொடர் பாப்போமா? நல்லாருக்கும்."

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. ஆனால் தொடர் என்றதும் இவளுக்குக் காது நீண்டுவிட்டதே! சரி என்றாள்.

மலைமேல் ஒரு பழைய மருத்துவமனை, அதில் ஒரு கொலை. பன்னிரண்டு பகுதி. நாளைக்கு ஒன்று என்று நிஷா கணக்கு வைத்தார். சோற்று டப்பாவில் தன் போனைச் சாய்த்து, செங்கமலத்தின் பக்கமாகத் திருப்பி வைப்பார்.

"உங்களுக்குச் சரியா தெரியாதே மேடம்?"

"எனக்கு நல்லாத் தெரியுது. நீங்க பாருங்க."

மூன்றாம் நாள் நிஷா மெதுவாகக் கேட்டார்: "அந்த டாக்டர் ஏன் கையைக் கழுவிக்கிட்டே இருக்காரு?"

"ஆமால்ல! அவன்தான் மேடம். எனக்கு அப்பவே தெரியும்!"

ஏழாம் நாள் அந்த டாக்டரே செத்துப்போனார். செங்கமலம் வாயில் வைத்த உருண்டையை முழுங்க மறந்தாள். "இப்ப என்ன பண்றது?" என்று நிஷாவையே கேட்டாள். "அதானே" என்றார் நிஷா. அன்று செங்கமலம் பேருந்தில் தன் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வந்தாள்.

பன்னிரண்டாம் நாள் கொலைகாரி யாரென்று தெரிந்தது. முதல் பகுதியிலிருந்து எல்லாருக்கும் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த சமையல்காரி!

"அடிப்பாவி!" செங்கமலம் மேசையில் அடித்த அடியில் மோர் கவிழ்ந்தது. "உன் கையால கஞ்சி வாங்கிக் குடிச்சாங்களேடி!"

நிஷா சிரித்துக்கொண்டே துணி எடுக்கப் போனார்.

அடுத்த பாகம் உண்டா என்று பார்க்கச் செங்கமலம் நிஷாவின் போனை எடுத்தாள். உண்டு. எட்டுப் பகுதி. பார்த்து முடித்த பகுதிக்கு அடியில் சிவப்புக் கோடு ஓடுமே, அந்தக் கோடு எட்டுக்கு அடியிலும் கடைசிவரை ஓடியிருந்தது.

நிஷா துணியோடு வந்தார்.

"மேடம், இதை நீங்க முன்னாடியே பாத்துட்டீங்களா?"

"ம்."

"ரெண்டு பாகமும்?"

"ரெண்டு தடவை."

"சமையல்காரின்னு தெரிஞ்சிருந்துமா டாக்டர் கையைக் காட்டுனீங்க?"

"கை கழுவுனாருல்ல."

"அடேயப்பா! பன்னெண்டு நாளா தெரிஞ்ச கதையையே உக்காந்து பாத்தீங்களே, போரடிக்கலையா உங்களுக்கு?"

நிஷா மோரைத் துடைத்தார். மேசை ஓரத்தில் இருந்த மூன்றாம் பாகத்தை நனையாமல் எடுத்து இவள் கையில் கொடுத்தார்.

"இதைக் குடுத்துட்டு வாங்க. அப்புறம் பேசிக்கலாம்."

செங்கமலம் பேருந்து நிலையத்துக்குப் போனாள். அருளப்பன் பஜ்ஜித் தாளை மடித்தார்.

"சார், நான் ஒரு ஓட்டைவாய். தப்புதான். மன்னிச்சிருங்க."

"விடும்மா."

"இதைப் படிங்க சார்."

"சாகப்போறவன் கதையைப் படிச்சு என்னம்மா ஆகப்போகுது?"

செங்கமலம் புத்தகத்தின் கனத்தைக் கையில் உணர்ந்தபடி நின்றாள். அப்புறம் சொன்னாள்.

"அதுக்கு இன்னும் எழுநூறு பக்கம் இருக்கு சார். அதுவரைக்கும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கான்."

அருளப்பன் புத்தகத்தைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பெரம்பலூர் வண்டிக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. கையை நீட்டினார்.

ஒன்பதாம் நாள் காலையில், நூலகக் கதவு முழுசாகத் திறப்பதற்குள் வந்து நின்றார். மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது.

"கரடிம்மா! பாலத்துக்கு அந்தப் பக்கம் கரடி, இந்தப் பக்கம் கொம்பையா. தோள்ல பை. பைக்குள்ள யாரோ ஒருத்திக்கு வந்த கடுதாசி. என்ன பண்ணான் தெரியுமா?"

செங்கமலத்துக்குத் தெரியும். எத்தனையாவது பக்கம் என்றுகூடத் தெரியும். உட்கார்ந்திருந்த நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

"ஐயோ! என்ன பண்ணான்?"

அருளப்பன் சொன்னார். கரடியாக நின்று காட்டினார். பாலமாக மேசையைத் தட்டிக் காட்டினார். கையில் இருந்த குடையே தபால் பையானது. கரடிக்கு முன்னால் கொம்பையா பாட ஆரம்பித்த இடத்தில் அவரே பாடிக் காட்டினார். செங்கமலம் அவரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முசிறி வண்டி ஹாரன் அடித்து அடித்து, நேரம் போட ஆளில்லாமல் நின்றது.

"நாலாம் பாகம் குடும்மா" என்றார் கடைசியில்.

செங்கமலம் எடுத்து வந்தாள். ஆனால் கொடுக்கத் தயங்கினாள். "சார், அதுல வந்து..."

"அதான் சொல்லிட்டியே. இம்புட்டுத் தூரம் கூட ஓடியாந்துட்டேன். அந்த நேரத்துல அவனைத் தனியா விட முடியுமா?"

தேதி முத்திரை குத்தும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முத்திரை கொஞ்சம் கோணலாக விழுந்தது. அருளப்பன் குடையை மறந்துவிட்டு ஓடினார்.

அலமாரிக்கு அந்தப் பக்கம் நிஷா புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கி முடித்துத் தூசியைத் தட்டிவிட்டு வந்தார்.

"அந்தக் கரடிக் கதை உங்களுக்குத் தெரியும்ல?"

"நாலு தடவை படிச்சிருக்கேன் மேடம்."

"இப்ப அஞ்சாவது தடவை. போரடிச்சுதாக்கா?"

செங்கமலம் குடையை எடுத்து, அவர் வந்தால் கண்ணில் படுகிற மாதிரி மாட்டி வைத்தாள்.