மேடு வைத்த பானெட்

காருக்குப் புது பானெட் போட்டால் அதை எங்கே நின்று பார்ப்பீர்கள்? முன்னால்தானே? எல்லோரும் அப்படித்தான். கொஞ்சம் பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்வோம். சென்னியப்பனும் அதைத்தான் செய்தார்.

கோயம்புத்தூர் சத்தி ரோட்டில் பிரபாவதிக்கு ஒரு பட்டறை. கார்பன் ஃபைபர் துணியைப் பிசினில் நனைத்து, அச்சில் படியவைத்து, கார் பாகங்கள் செய்வாள். வயது முப்பத்திரண்டு. சென்னியப்பனுக்கு நாற்பத்தாறு. மோட்டார் பம்பு கடை வைத்திருந்தார், ஆனால் மனசெல்லாம் கார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கடையைச் சாத்திவிட்டு இவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்துவிடுவார். அவளைக் 'குரு' என்பார். அவள் அவரை 'சார்' என்பாள்.

தன் காருக்கும் ஒரு கார்பன் பானெட் வேண்டும் என்று அவர் கேட்டபோது, அவள் மூன்றைச் சுவரில் சாய்த்து வைத்தாள். ஒன்று தட்டை. இன்னொன்றில் இன்ஜின் சூடு வெளியேற வரிவரியாகத் திறப்பு. மூன்றாவதில் நடுவே எருமை முதுகு மாதிரி ஒரு மேடு, அதற்குக் காற்று வாங்க ஒரு வாய்.

“காத்துக்கு எது நல்லது குரு?”

“நீங்க போற வேகத்துக்குக் காத்து உங்களைக் கண்டுக்கவே கண்டுக்காது சார்.”

“அப்ப அழகுக்கு?”

“அது உங்க கண்ணு.”

பிறகு அவள் ஒன்று கேட்டாள். “வண்டியை வேற யாராவது ஓட்டுவாங்களா?”

“நான் மட்டும்தானுங்க” என்றார். கை அந்த மேட்டைத் தடவிக்கொண்டிருந்தது.

மேடு வைத்ததே காரில் ஏறியது.

ஆறேழு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரித்துக்கொண்டே வந்தார்.

“குரு, மேடு இன்னும் ரெண்டு இஞ்ச் ஏத்தி ஒண்ணு செய்யலாமுங்களா?”

“எதுக்கு சார் திடீர்னு?”

“இனி வண்டி முழுசா எனக்குத்தான். வசுமதி ஓட்டறதை நிறுத்திட்டா.”

வசுமதி அவர் மனைவி. பிரபாவதி கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

“உங்க வீட்டுல ஓட்டுவாங்களா?”

“மூணு வருசமா. அன்னூர்ல டீச்சர் வேலை. தினமும் வண்டியை அவதான் எடுத்துட்டுப் போவா.”

“அன்னைக்கு நீங்க மட்டும்னு சொன்னீங்க.”

“அவ ஓட்டறதையெல்லாம் ஒரு ஓட்டறதுன்னு யாருங்க சேத்துக்குவாங்க?”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“ஏன் நிறுத்தினாங்க?”

“கை பழகலைங்க. ரெண்டு மாசம் முன்னாடி வீட்டு கேட்டுத் தூணுல இடிச்சா. போன மாசம் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துலயே, சின்ன சைக்கிள்ல வந்த ஒரு புள்ளையை ஏத்தப் பாத்தா. புள்ளைக்கு ஒண்ணும் ஆகலை. இவதான் நடுங்கிப்போய் வந்தா. அப்புறம் சாவியைத் தொடலை. பஸ் சரிப்பட்டு வரலைன்னு வேலையையும் விட்டுட்டா.”

“தூண் எந்தப் பக்கம் சார்?”

“இடது.”

“சைக்கிள்?”

யோசித்தார். “அதுவும் இடதுதானுங்க.”

பிரபாவதி எழுந்து போய் அவர் காரின் கதவைத் திறந்தாள். “ஏறுங்க. அவங்க வெச்சு ஓட்டற மாதிரி சீட்டைத் தள்ளுங்க. அவங்க என்ன உசரம்?”

“என் தோளுக்கு வருவா.”

“அப்ப சீட்டுலயே சறுக்கிக் கீழ இறங்குங்க. இன்னும். தொப்பை இடிச்சா இடிக்கட்டும்.” அவர் கண் ஸ்டியரிங்குக்குச் சற்று மேலே வரும்வரை தோளை அமுக்கிவிட்டு, முன்னால் போனாள். எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது.

“என்ன தெரியுது சார்?”

“நீங்க தெரியறீங்க.”

“எனக்குப் பக்கத்துல, உங்களுக்கு இடது கைப்பக்கம்?”

“மேடு தெரியுது.”

“வேற?”

“வேற என்ன இருக்குது? ஒண்ணுமில்லீங்க.”

“இறங்கி வாங்க.”

வந்து பார்த்தார். பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று நின்றிருந்தது. அதன் மேல் ஒரு சிவப்பு வாளி கவிழ்ந்திருந்தது. சின்ன சைக்கிளில் குனிந்து மிதிக்கிற பிள்ளையின் தலை உயரம்.

அவர் மறுபடி காரில் ஏறினார். தானே சறுக்கி இறங்கி உட்கார்ந்து பார்த்தார். நிமிர்ந்து பார்த்தார். மறுபடி சறுக்கினார்.

“என் உசரத்துக்கு எல்லாம் தெரியுதுங்களே” என்றார், உள்ளிருந்தபடியே.

“ஆமா சார்.”

அவர் காரைவிட்டு இறங்கி வந்தார்.

“நீங்க இன்னொரு தடவை அழுத்திக் கேட்டிருக்கலாமே குரு.”

“கேட்டிருக்கணும். நான் ஆசைப்பட்டுச் செஞ்ச அச்சு அது. யாராவது மாட்டிட்டுப் போனாப் போதும்னு இருந்துச்சு.”



“தட்டையா இருந்ததை இன்னைக்கே போட்டுருங்க” என்றார் சென்னியப்பன்.

“போட்டுரலாம்.”

அவள் போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தாள். அவர் பானெட்டை ஒரு பக்கம் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

“தன் கைதான் சரியில்லைன்னு அவளும் நம்பிட்டாளுங்க. நானே சொல்லிச் சொல்லி...”

“என்ன சொன்னீங்க?”

“கரண்டி பிடிக்கற கைக்கு ஸ்டியரிங் எதுக்குன்னு. சும்மா, சிரிக்கறதுக்குத்தான்.”

“சிரிச்சாங்களா?”

“எல்லாரும் சிரிச்சாங்க. மச்சான் வீட்டுக் காதுகுத்து. பந்தியில உட்கார்ந்திருந்தோம்.”

“அவங்க?”

“பாதியில எலையை மூடிட்டு எந்திரிச்சுட்டா.”

பிரபாவதி ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

“பானெட்டை நான் பாத்துக்கறேன் சார். அந்தப் பந்தியில இருந்தவங்க எல்லாரையும் ஒருநாள் உங்க வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்க. சமையல் நீங்க. எல்லாரும் எலையில கை வெச்சதும், இன்னைக்கு இந்தச் சீட்டுல உட்கார்ந்து என்ன பார்த்தீங்கன்னு உங்க வீட்டம்மாவும் கேக்கற மாதிரி எல்லார் முன்னாடியும் சொல்லுங்க.”