வண்டி சேர்ந்துவிட்டது

டம்ளரில் மோதிரம் தட்டும் சத்தம். டங், டங் என்று இரண்டு தட்டு. ஒரு சின்ன இடைவெளி. அப்புறம் இன்னொன்று.

கல்யாணமான புதிதில் செண்பகவல்லி அப்படித்தான் தாணுமூர்த்தியைக் கூப்பிடுவாள். கணவனைப் பேர் சொல்லி அழைக்கிற வழக்கம் இல்லாத வீடு. கூடத்தில் மாமனார் வேறு உட்கார்ந்திருப்பார். காப்பி ஆறுகிறது என்பதையும், கோபம் ஆறிவிட்டது என்பதையும் அவள் அந்த எவர்சில்வரில்தான் சொன்னாள்.

பிறகு தனிக்குடித்தனம் வந்தது. வாய்விட்டுப் பேசினாள். சத்தம் நின்றுபோனது. பல வருஷம் கழித்து ஒரு காலையில் பக்கவாதம் வந்து அவளுடைய வலது பக்கத்தையும் பேச்சையும் எடுத்துக்கொண்டது.

கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்ற தாணுமூர்த்தி, பேத்தி வயதுப் பெண்ணான பெர்சிஸிடம் ரோபோ செய்யப் படிக்கப் போனது அதனால்தான். பாளையங்கோட்டையில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, சனிக்கிழமை மாலைகளில் வகுப்பு. மற்றவர்களெல்லாம் போட்டிக்கு ரோபோ செய்தார்கள். அவர் தண்ணீர் கொண்டுபோகும் வண்டி செய்தார்.

வண்டிக்கு இரண்டு மோட்டார். ஒவ்வொன்றின் முன்பக்கமும் வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்டுகிற பற்சக்கரப் பெட்டி. பின்பக்கம் என்கோடர். மோட்டார் சுற்றச் சுற்ற அது எண்ணிக்கொண்டிருக்கும். அடுக்களையிலிருந்து கட்டிலுக்கு எத்தனை சுற்று என்று அவரே அளந்து பதிந்திருந்தார். செண்பகவல்லி கட்டிலில் இருந்தபடியே இடது கையால் ஸ்விட்சை அழுத்தினால், அவர் நிரப்பி வைத்துவிட்டுப் போன டம்ளரோடு வண்டி கிளம்பும். எண்ணி முடித்ததும் நிற்கும். வகுப்பில் இருக்கும் அவருடைய ஃபோனில் ‘சேர்ந்துவிட்டது’ என்று வரும்.

அந்தச் சனிக்கிழமை அவர் வண்டியை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினார்.

“என்ன சார், நீங்க வண்டியைத் தூக்கிட்டு வாறீங்க? அது உங்களைத் தூக்கிட்டு வரும்னுல்லா நெனச்சேன்” என்றாள் பெர்சிஸ்.

அவர் சிரிக்கவில்லை. வண்டியை மேசையில் வைத்தார்.

“டீச்சர், எனக்கு இதைவிட நுணுக்கமா எண்ணுற என்கோடர் வேணும்.”

“இது என்ன தப்பு பண்ணிச்சு?”

“போன வாரம் இங்க இருக்கும்போது ‘சேர்ந்துவிட்டது’ன்னு வந்துச்சு. சரி, குடிச்சிருப்பான்னு நிதானமா பேசிட்டுப் போனேன். வீட்டுக்குப் போனா வண்டி பாதி வழியில நிக்குது. பாய் மடங்கிக் கிடந்திருக்கு. டம்ளர்ல தண்ணி அப்படியே இருக்கு.”

“அவங்க?”

“சுவரைப் பாத்துப் படுத்திருந்தா. உதடெல்லாம் காஞ்சு போச்சு. அதுக்கப்புறம் ஸ்விட்சை அவ தொடவே இல்லை. தாகம் எடுக்குதா இல்லையான்னே எனக்குத் தெரிய மாட்டேங்கு.”

பெர்சிஸ் வண்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தாள். மறு கையால் வண்டியிலேயே இருந்த இன்னொரு ஸ்விட்சை அழுத்தினாள். சக்கரங்கள் வெறும் காற்றில் சுற்றின. மோட்டாரின் ரீங்காரம் தவிர அறையில் வேறு சத்தமில்லை. பிறகு அதுவும் நின்றது. தாணுமூர்த்தியின் சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்தது.

“என்ன சொல்லுது சார்?”

“சேர்ந்துவிட்டது.”

“எங்க சேர்ந்துச்சு?”

அவர் அவளுடைய கையைப் பார்த்தார். “எங்கயும் இல்லை.”

“எண்ணினது தப்பா?”

“தப்பில்லை. சக்கரம் சுத்தத்தானே செஞ்சுது.”

“அப்ப நுணுக்கமான என்கோடர் வாங்கிப் போட்டா?”

“இதையே இன்னும் நுணுக்கமா சொல்லும்.”

வண்டியைக் கீழே வைத்தாள். சக்கர ரப்பரில் ஒரு பக்கம் வழுவழுவென்று தேய்ந்திருந்ததை அவர் அப்போதுதான் கவனித்தார். பாயோடு மல்லுக்கட்டியே எண்ணி முடித்திருக்கிறது.

“அப்ப முன்னால ஒரு சென்சார் வைக்கேன். கட்டில் பக்கத்துல வந்தா தெரியும்.”

“கட்டில்கிட்ட வந்தது தெரியும். தண்ணி அவங்க கைக்குப் போனது?”

“தெரியாது.”

“அது யாருக்குத் தெரியும் சார்?”

“அவளுக்குத்தான்.” குரல் தணிந்தது. “அவளால பேச முடியாதே, டீச்சர்.”

“வாய் பேசாம எதுவுமே சொன்னதில்லையா அவங்க?”

தாணுமூர்த்தி மேசையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து, வண்டியிலிருந்த காலி டம்ளரில் தட்டினார். டங், டங். ஒரு சின்ன இடைவெளி. இன்னொன்று.

பெர்சிஸ் உதிரிச் சாமான் டப்பாவைத் துழாவி, பொத்தான் அளவில் ஒரு மைக்கை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“வண்டி கிளம்புனதும் ‘கிளம்பிட்டு’ன்னு உங்க ஃபோனுக்கு வரட்டும். எண்ணி முடிச்சதும் நிக்கட்டும். இந்தச் சத்தம் கேட்டா மட்டும் ‘சேர்ந்துவிட்டது’ன்னு சொல்லட்டும். கேக்கலைன்னா, சேரலைன்னு அர்த்தம். நீங்க எந்திரிச்சுப் போயிரணும்.”

அவர் மைக்கைத் தொடவில்லை.

“அவ மோதிரத்தாலதான் தட்டுவா. அந்த மோதிரம் இப்ப அவ கையில இல்லை. ஆஸ்பத்திரியில கை வீங்கினப்ப கழத்துனது. பீரோவுல நான்தான் வச்சிருக்கேன். வலது கை மோதிரம். இனிமே அது எதுக்குன்னு நெனச்சுட்டேன்.”

“இடது கையாலதானே சார் ஸ்விட்ச் போடுறாங்க?” என்றாள் பெர்சிஸ்.

தாணுமூர்த்தி மைக்கையும் வண்டியையும் எடுத்துக்கொண்டு, வகுப்பு முடியும் முன்பே படியிறங்கினார்.

செண்பகவல்லி அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் உயிரோடு இருந்தாள். இடது கை மோதிரத்தோடு போனாள்.