தும்பிக்கை கையா, மூக்கா?

ஆனைமடுவின் கரையில் முள்ளாயி என்ற முள்ளம்பன்றியும் தொந்தியப்பன் என்ற கரடியும் ஒரே நாளில் பழக்கடை போட்டார்கள். ஒரு குகைக்காகத்தான் அத்தனை போட்டி!

கோடையில் மடுவைச் சுற்றி ஒரு மரத்திலும் பழம் கிடையாது. பழமரங்கள் எல்லாம் சரிவுக்குக் கீழே, வற்றிக் கிடந்த ஓடையின் கரையில் நின்றன. தண்ணீர் குடிக்க மேலே ஏறிவந்தவர்கள் பசியில் துவண்டுபோனார்கள். அதைப் பார்த்த யானைத் தலைவி பெரியநாச்சி, குகை கேட்டு வந்த முள்ளாயியையும் தொந்தியப்பனையும் கூப்பிட்டு ஓர் ஏற்பாடு செய்தாள்.

“ரெண்டு பேரும் கடை போடுங்க! முதல் மழை இறங்குற அன்னிக்கு வந்து அளப்பேன். யார் கடை பெருசோ, அவங்களுக்கு மடு ஓரத்துப் பாறைக்குகை!”

“எதை வச்சு அளப்பீங்க நாச்சியம்மா?” என்று கேட்டாள் முள்ளாயி.

“குவியலை வச்சுத்தான்! என் முழங்காலுக்கு எட்டினா அதுதான் கடை!”

சொல்லிவிட்டுப் பெரியநாச்சி தன் கூட்டத்தோடு மலையைத் தாண்டிப் போய்விட்டாள். இதென்ன அளவு என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. யானையின் முழங்காலோடு யார் வாதாடுவது?

தொந்தியப்பனுக்கு அந்தக் குகை படுத்துப் புரள வேண்டும், அவ்வளவுதான். முள்ளாயிக்கோ அது உயிர்ப் பிரச்சினை. போன மழையில் ஓடையோரத்து அவள் வளைக்குள் வெள்ளம் புகுந்து ஒரு குட்டியை வாரிக்கொண்டு போய்விட்டது. இப்போது வயிற்றில் மறுபடியும் குட்டிகள். மழைக்கு முன்னால் மேட்டில் ஓர் இடம் கிடைத்தே ஆகவேண்டும்!

அவளுக்குத் துள்ளன் என்ற கருங்குரங்கு கூட்டாளி. அவன் ஓடைக்கரையில் பழம் பறித்துக் கிளைக்குக் கிளை தாவிக் கொண்டுவருவான். முள்ளாயி அதை வாங்கிக் குவிப்பாள். எதிர்க்கரையில் தொந்தியப்பனும் குவித்தான். இவள் ஒரு கூடை கொட்டினால் அவன் இரண்டு கூடை கொட்டினான்.

ஒருநாள் இருவாச்சிப் பறவை ஒன்று படபடவென்று வந்து இறங்கியது.

“முள்ளாயி, சீக்கிரம் கொஞ்சம் அத்திப்பழம் குடும்மா! வீட்டுக்காரி பொந்துக்குள்ள அடைகாத்துக்கிட்டு இருக்கா. நான் கொண்டுபோனாத்தான் அவளுக்குச் சாப்பாடு!”

“இதோ!” என்று முள்ளாயி குவியலைத் தோண்டினாள். மேலே மாம்பழம். அதன் கீழே நாவல். அதற்கும் கீழே பாலைப்பழம். அத்தியோ அடிமட்டத்தில் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் நசுங்கி, புளித்து, புழு நெளிந்தது!

இருவாச்சி வெறும் அலகோடு பறந்துபோனது.

முள்ளாயி அழுகிய அத்தியை வீசி எறிந்தாள். “இவ்வளவு பழத்தை வச்சுக்கிட்டு ஒரு பட்டினிக்காரிக்குக் குடுக்க முடியலையே! தூ, இதெல்லாம் ஒரு கடையா?”

அவள் அன்றைக்கே குவியலைக் கலைத்தாள். காய்ந்த சுரைக்குடுக்கைகளைத் தேடி எடுத்துவந்து, பழத்துக்கு ஒரு குடுக்கை என்று வரிசையாக வைத்தாள்.

“துள்ளா, இனிமே நீ இஷ்டத்துக்குப் பறிக்காதே! குடுக்கை காலியானா சரிவுல உருட்டி விடுவேன். உள்ளே விதை கிடக்குறதால கடகடன்னு சத்தம் கேட்கும். எந்தக் குடுக்கை வருதோ அந்தப் பழத்தை மட்டும் நிரப்பிக் கொண்டா. குடுக்கை வரலையா? மரத்துலயே தொங்கட்டும். நம்மகிட்ட அழுகுறதுக்கு அது அங்கேயே பழுக்கலாம்!”

“அக்கா, இது விளையாட்டு மாதிரியில்ல இருக்கு!” என்று துள்ளன் குதித்தான்.

கடகட, கடகட! குடுக்கை உருண்டது. பழம் பறந்து வந்தது. ஆனால் முதல் நாளே ஒரு சறுக்கல்! மாம்பழக் குடுக்கை சுத்தமாகக் காலியான பிறகுதான் முள்ளாயி உருட்டினாள். துள்ளன் ஏறிவருவதற்குள் ஒரு மான் கூட்டம் வந்துவிட்டது. “மாம்பழம் இல்லையா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நடையைக் கட்டியது.

“அடடா, என் புத்தி எங்கே போச்சு!” என்று முள்ளாயி தலையில் அடித்துக்கொண்டாள். குத்திய முள்ளைப் பிடுங்கிக்கொண்டே யோசித்தாள். துள்ளன் ஏறிவர நேரமாகும் அல்லவா? அந்த நேரத்துக்கும் சேர்த்துக் கையில் பழம் இருக்கவேண்டும்! அதிலிருந்து ஒவ்வொரு பழத்துக்கும் இரண்டு குடுக்கை வைத்தாள். ஒன்று காலியானதும் அது உருளும். மற்றது கடையைக் காக்கும். பிறகு யாரும் வெறும் வாயோடு திரும்பவில்லை. இருவாச்சி தினமும் வந்து அத்தி வாங்கிப் போனது.

எதிர்க்கரையிலிருந்து தொந்தியப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “ஏம்மா முள்ளாயி, கடை எங்கேம்மா? எனக்குக் குடுக்கைதான் தெரியுது!”

அவன் குவியல் புதர் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. யாராவது பழம் கேட்டால், “கலைக்காதீங்க, உயரம் குறைஞ்சிடும்! நாளைக்கு வாங்க!” என்று விரட்டினான். பழக்கடைக்காரனுக்குப் பழம் கேட்பவர்கள் எதிரியாகிவிட்டார்கள், பாருங்கள்!

மேகம் கறுத்தது. துள்ளன் ஓடிவந்தான்.

“அக்கா, நாச்சியம்மா வந்துடுவாங்க! நம்ம குடுக்கை அவங்க கால் நகத்துக்குக்கூட எட்டாது. இப்பவே மளமளன்னு குவிச்சிடலாம், அக்கா!”

முள்ளாயி குகையைப் பார்த்தாள். வயிற்றுக்குள் குட்டிகள் உதைத்தன. ஒரு கணம் மனசு ஆடிப்போயிற்று.

“குவிச்சா குகை கிடைக்கலாம். ஆனா இருவாச்சி மறுபடியும் வெறும் அலகோட போகும். அந்த மூஞ்சியை என்னால இன்னொரு தடவை பார்க்க முடியாது. நீ பேசாம குடுக்கையை நிரப்பு!”

டமடமவென்று இடி! முதல் துளி விழுந்தது. தரை அதிர, பெரியநாச்சி வந்து நின்றாள். காடே கூடிவிட்டது!

அவள் தொந்தியப்பனின் குவியல் பக்கம் காலை வைத்தாள். குவியல் முழங்காலைத் தொட்டது மட்டுமா? அதைத் தாண்டியும் நின்றது! தும்பிக்கையை நீட்டி உச்சியைத் தடவினாள்.

“பலே தொந்தியப்பா!”

அடுத்து முள்ளாயியின் குடுக்கைகளைத் தும்பிக்கையால் தட்டிப் பார்த்தாள். இரண்டு அப்போதுதான் காலியாகியிருந்தன, மற்றவற்றில் நாலைந்து பழம்.

“என்ன முள்ளாயி, இவ்வளவு நாளும் தூங்கினியா? குகை தொந்தி...”

“நிறுத்துங்க நாச்சியம்மா!” முள்ளாயியின் முள்ளெல்லாம் சிலிர்த்துச் சலசலத்தது. “உங்க தும்பிக்கை கையா, மூக்கா?”

கூட்டம் முழுக்கத் தும்பிக்கையின் பக்கம் திரும்பியது.

“ரெண்டுந்தான்!” என்றாள் பெரியநாச்சி.

“இவ்வளவு நேரம் கையாலேயே அளந்தீங்க. ஒரே ஒரு தடவை மூக்கால அளந்து பாருங்க! உச்சியில வேண்டாம், அடியில!”

“ஐயோ, வேண்டாம் வேண்டாம்!” என்று தொந்தியப்பன் குறுக்கே பாய்ந்தான். யானை கேட்குமா? தும்பிக்கையைக் குவியலின் அடியில் விட்டு ‘உர்ர்ர்’ என்று ஒரே இழுப்பு இழுத்தாள்.

புளித்துப்போன நாவல் சாறு மூக்குக்குள் ஏறியது. பெரியநாச்சியின் கண் மேலே செருகியது. காது விரிந்தது.

“ஹா... ஹா... ஹச்ச்ச்சூ!”

அவ்வளவுதான்! குவியல் நாலாபக்கமும் சிதறியது. மேலாக இருந்த நல்ல பழம் கொஞ்சம்தான். உள்ளே இருந்ததெல்லாம் கொழகொழவென்று அழுகல்! அது முழுக்கத் தொந்தியப்பன் தலையிலேயே வந்து விழுந்தது. அழுகலை மொய்த்த குளவிகள் வேறு அவனைத் துரத்தின.

பெரியநாச்சி மூக்கைச் சிந்திவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தாள். “இந்தக் கடையில கேட்டது கிடைச்சவங்க யாரு?”

ஒரு வாயும் திறக்கவில்லை.

“முள்ளாயி கடையில?”

மான்கள் கத்தின. அணில்கள் கீச்சிட்டன. “எங்க வீட்டுக்காரியும் குஞ்சும் உயிரோட இருக்கிறதே இவளாலதான்!” என்று இருவாச்சி காடு அதிரக் குரல் கொடுத்தது.

“எனக்கும் பசிக்குது. பாலைப்பழம் இருக்கா?” என்று கேட்டாள் பெரியநாச்சி.

முள்ளாயி ஒரு குடுக்கையை அவள் தும்பிக்கை முன்னால் கவிழ்த்தாள். உடனே காலிக் குடுக்கையைச் சரிவில் உருட்டினாள். கடகட, கடகட! மற்றப் பாலைக் குடுக்கையையும் பெரியநாச்சி மென்று முடிப்பதற்குள், நிரம்பிய குடுக்கையோடு துள்ளன் வந்து குதித்தான்.

“அட!” என்று யானை வாயைப் பிளந்தாள். “நான்தான் தப்பா அளந்துட்டேன். முழங்காலைச் சொன்னது என் தப்பு. குகை உனக்குத்தான், முள்ளாயி! ஓடு, உள்ளே போ, நனையாதே!”

மழை கொட்டித் தீர்த்தது. ஓடை பெருகி, முள்ளாயியின் பழைய வளை தண்ணீருக்குள் போனது. அவளோ மேட்டுக் குகைக்குள், காய்ந்த தரையில், மூன்று குட்டிகளை ஈன்று நக்கிக்கொண்டிருந்தாள். தொந்தியப்பன் மடுவில் விழுந்து குளித்துவிட்டு, தலையைச் சொறிந்தபடி வாசலில் வந்து நின்றான்.

“முள்ளாயி, குடுக்கை உருட்டுற வேலை ஏதாச்சும் இருக்கா?”

“இருக்கு அண்ணே! ஆனா காலியான குடுக்கையைத்தான் உருட்டணும். குடுக்கையைக் காலி பண்றது உங்க வேலை இல்லை!”

ஆகவே, எவ்வளவு சரக்கு குவிந்து கிடக்கிறது என்று அளப்பவர் ஏமாந்துபோவார். கேட்டவருக்குக் கேட்டது கிடைத்ததா என்று அளப்பவரே கடையை நடத்தத் தெரிந்தவர்.