கால் நனைந்தவர் பேசலாம்

குளம் வற்றிப்போனது. காவலுக்கு வைத்த காட்டுப்பன்றியே அதைக் குடித்தும் புரண்டும் தீர்த்தது.

கருவேலங்காட்டுக்கு நடுவில் இருந்த ஒரே குளம் அது. மழை தப்பிய வருஷம். தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுக்க ஒரு காவல் வேண்டும் என்று மிருகங்கள் கூடின. பன்றி முன்னால் வந்தது.

"எனக்கென்ன பெரிய ஆசை? தினம் ஒரு வாய்த் தண்ணி கொடுங்க, போதும்!"

எல்லாம் தலையாட்டின. கூடவே ஒரு சட்டமும் போட்டன. குளத்தில் கால் நனைந்து நிற்பவர்தான் கூட்டத்தில் பேசலாம். அடுத்த காட்டுக்காரர்கள் வந்து நாட்டாமை செய்யக்கூடாதாம். நல்லது என்றுதான் நினைத்தன. மடத்தனம்.

நாலு நாள் ஒழுங்காகப் போனது. பிறகு பன்றி குளத்துக்குள் இறங்கிப் படுத்தது.

"என்ன அண்ணே, இது?" என்றது முயல்.

"வெயில்ல காவல் நிக்கிறேன், உடம்பு கொதிக்குது. புரளாம முடியுமா?"

புரண்டது. சேறு ஒட்டியது. சேற்றைக் கழுவ இன்னும் தண்ணீர் வேண்டும் என்றது. துணைக் காவல் என்று இரண்டு மச்சான்களைக் கூட்டி வந்தது. அவர்களுக்கும் உடம்பு கொதித்தது.

குளம் சுருங்கிக் குட்டையானது. குட்டை முழுக்கப் பன்றிகள். மற்றவை கரையில் நின்றன.

புள்ளிமான் ஒன்று தன் குட்டியோடு வந்தது. குட்டிக்கு நாக்கு வெளியே தொங்கியது.

"எங்க பங்கு எங்கே? எம்புள்ள சாகுது!"

பன்றி அதன் காலைப் பார்த்தது.

"கால் காஞ்சிருக்கே, தாயி! நீங்க போட்ட சட்டம்தானே? நனைச்சுட்டு வந்து பேசு!"

மச்சான்கள் கும்மாளமிட்டுச் சிரித்தன. மான் தண்ணீர்ப் பக்கம் ஓடியது. பன்றிகள் கோரைப்பல்லைக் காட்டி விரட்டின.

குட்டையின் ஓரத்தில் ஆமை கிடந்தது. மான் அதனிடம் போனது.

"ஆமையண்ணே! உங்க கால் நனைஞ்சுதானே இருக்கு? நீங்க ஒரு வார்த்தை கேளுங்க!"

"மெதுவாப் பேசும்மா. எனக்கும் இங்கே கொஞ்சம் ஈரம் விட்டு வச்சிருக்காங்க. அதைக் கெடுத்துடாதே!"

தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

கரையில் நின்ற நரி, மயில், முயல் எல்லாம் முணுமுணுத்தன. அவ்வளவுதான். ஒன்றும் இறங்கவில்லை. எல்லாம் சேர்ந்து இறங்கியிருந்தால் மூன்று பன்றி என்ன செய்யும்? கேட்டால் சட்டம் என்றன.

மான்குட்டி காய்ந்த சேற்றை நக்கியது. மறுநாள் காலையில் எழுந்திருக்கவில்லை.

வெயில் விடவில்லை. குட்டை சேறானது. சேறு வெடித்தது. மச்சான்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டன. ஆமையையும் காணோம். பன்றி மட்டும் நடுவில் நின்று கத்தியது.

"குடிக்க ஒரு வாய் இல்லையே! என்னை யாராவது ஒருத்தர் தட்டிக் கேட்டிருக்கக் கூடாதா?"

மான் அதன் குளம்பைப் பார்த்தது. புழுதி படிந்திருந்தது.

"உன் காலும் காஞ்சிருக்கு. பேசாதே!"

பன்றியின் காவல் அன்றோடு போனது. காக்கத்தான் ஒன்றும் மிச்சமில்லை.

கணக்குக் கேட்கும் உரிமையைக் கணக்குக் கொடுக்க வேண்டியவனிடமே ஒப்படைத்துவிட்டுக் கரையில் நின்றால், கடைசியில் அவனை இறக்கிவிட வருவது வெயில் மட்டும்தான்.