அரை மீசைக் காசு

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் ஆசை அதிகமாகவும் இருந்த நாளில், ஒரு ராஜா இருந்தார். எந்த நாட்டு ராஜா என்ற ஆராய்ச்சியெல்லாம் நமக்கு வேண்டாம். அவருக்கு ஒரு பெரிய மீசை இருந்தது, அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். அவர் அடித்த காசில்கூட முகத்தைவிட மீசைதான் பெரிதாக இருக்கும்.

அவர் பட்டத்துக்கு வந்த புதிதில் அடித்த காசுகளில் ஒரு கோளாறு நேர்ந்தது. அச்சில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்துக்கொண்டு, ஒரு பக்கத்து மீசை பதியாமலே போய்விட்டது. ராஜா கொதித்துப்போய், அத்தனையையும் உருக்கிவிடச் சொன்னார். அந்தப் பொறுப்பு கருவூல அதிகாரி விழுப்பரையருக்கு. அவரும் உருக்கியாயிற்று என்று வந்து சொன்னார். அதற்குள் சந்தைக்குப் போய்விட்ட ஒன்றிரண்டை யாரும் பொருட்படுத்தவில்லை.

பல வருஷம் கழித்து ஒரு கப்பல் வியாபாரி சபைக்கு வந்தான். பிசகான காசுகளைச் சேர்ப்பதுதான் தன் ஊர்ப் பெரிய மனிதர்களின் பொழுதுபோக்கு என்றான். அரை மீசைக் காசு ஒன்று கிடைத்தால் ஒரு குதிரையே கொடுப்பார்களாம். அவ்வளவுதான், ராஜாவுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. கும்பிட வருகிறவர்களையெல்லாம் மடியில் இருக்கும் சில்லறையைக் கொட்டச் சொன்னார். தயிர்க்காரியின் சுருக்குப்பையைக்கூட விடவில்லை. நாட்டை ஆள வேண்டியவர் ஊர்ச் சில்லறையைத் தரையில் பரப்பிக்கொண்டு குப்புறப் படுத்திருந்தார்.

சபையின் விகடகவி திருமேனி அதைப் பார்த்துச் சிரித்தான். சிரித்ததுதான் வினையாயிற்று.

விழுப்பரையருக்குத் திருமேனியைக் கண்டாலே ஆகாது. தான் கணக்குப் படிக்கும்போது கொட்டாவி விடும் ராஜா, இவன் வாயைத் திறக்கும் முன்பே சிரிக்கிறாரே என்ற வயிற்றெரிச்சல். அவர் எழுந்து நின்றார்.

"அரசே, சிரிக்கத் தெரிந்தவருக்குத் தேடவும் தெரிந்திருக்கும். தேர்த் திருவிழாவுக்குள் திருமேனியார் அந்தக் காசு ஒன்றைக் கொண்டுவரட்டும். விலைக்கு வாங்கக் கூடாது; புதிதாக அடிக்கவும் கூடாது. அதன் சரியான மதிப்பையும் அவரே சபையில் சொல்லட்டும். இயலாவிட்டால் பதவியோடு மீசையையும் இழக்கட்டும்."

ராஜாவுக்கு இந்த யோசனை பிடித்துப்போயிற்று. பிறத்தியார் மீசைதானே.

அந்த நாட்டில் தகப்பன் செத்தால்தான் மகன் மீசையை எடுப்பான். தகப்பன் உயிரோடிருக்கும்போது மழித்துக்கொண்டவனை வீட்டு நாய்கூட மதிக்காது. திருமேனியின் தகப்பனாரோ இரண்டு வேளையும் கறிச்சோறு தின்றுகொண்டு குத்துக்கல் மாதிரி இருந்தார். வேடிக்கை பேசிப் பிழைக்கிறவனை ஊரே பார்த்துச் சிரிக்கலாம், காறித் துப்பினால் அவன் எப்படிப் பிழைப்பான்?

வீட்டில் மனைவி செண்பகவடிவு அசரவில்லை. "எங்கிட்டகூட ஒண்ணு வந்துச்சே. செல்லாக் காசுன்னு நெனச்சு கீரைக்காரி தலையில கட்டிட்டேன்" என்றாள். எப்போது என்று பதறிக் கேட்டான். கல்யாணமான புதிதில் என்றாள். அவன் தலையில் அடித்துக்கொண்டான். "மீச போனா போவட்டும் விடுங்க, அப்பவாச்சும் மூஞ்சி தெரியுமில்ல" என்று சொல்லிவிட்டு அவள் குழம்பைக் கிண்டப் போனாள்.

இது போதாதென்று விழுப்பரையர் இன்னொரு வேலையும் செய்தார். அரை மீசைக் காசு கொண்டுவருவோருக்கு ராஜா பத்துப் பொன் தருவார் என்று ஊரெல்லாம் தமுக்கடிக்க வைத்தார். திருமேனிக்கு உதவியாக என்று ராஜாவிடம் சொல்லிக்கொண்டார். அந்தப் பாழாய்ப்போன உதவியால் ஊரில் ஒரு அரமும் சும்மா கிடக்கவில்லை. கொல்லன் முதல் கோயில் மேளக்காரன் வரை எல்லோரும் ராஜாவின் மீசையை ராவிக்கொண்டிருந்தார்கள். சிலர் ஆர்வக்கோளாறில் மூக்கையும் சேர்த்து ராவிவிட்டார்கள். அரண்மனை வாசலில் அரை மீசைக் காசு மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது.

திருமேனி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். பிசுக்கால் மீசை பதியாத காசு அந்த இடத்தில் வழவழப்பாக இருக்க வேண்டும். இவையெல்லாம் சொரசொரவென்று விரலைக் கீறின. ஒன்றுகூட அசல் இல்லை; அத்தனையையும் கொண்டுவந்தவர்களிடமே திருப்பிக் கொடுத்தான். அப்போதுதான் அவனுக்குப் பொறி தட்டியது. பத்துப் பொன்னுக்கும் ஒரு அசல்கூட வெளியே வரவில்லையென்றால், அசலை வைத்திருக்கிறவனுக்குப் பத்துப் பொன் ஒரு பொருட்டில்லை. அவன் குதிரைக்காகக் காத்திருக்கிறான். குதிரை விஷயம் தெரிந்தது சபையில் இருந்தவர்களுக்கு மட்டும்தான்.

நேரே ராஜாவிடம் போனான். மன்னர் மீசையை இப்படி ஊரே ராவலாமா என்று கேட்டு, அவர் முகம் சிவந்ததும் ஒரு ஆணை வாங்கினான். அரை மீசைக் காசு யாரிடம் இருந்தாலும், அது அசலோ போலியோ, அவன் மீசையில் பாதியை மழிக்க வேண்டும். தேர் நாள் முதல் சோதனை நடக்கும்.

"பாதிதானா? தலையை எடுத்துவிடலாமே" என்றார் ராஜா.

"பாதி மீசை போதும், அரசே."

அன்றைக்கே ஊர் காலியாயிற்று. அதாவது, ஊரின் மடிகள் காலியாயின. அத்தனை போலியும் கோயில் உண்டியலுக்குப் போய்விட்டது. செல்லாததையெல்லாம் சாமிக்குப் போடுவது நமக்குப் பழக்கம்தானே. உண்டியல் பிதுங்கி, குருக்கள் வாய்விட்டு அழுதார்.

தேர் நாள் வந்தது. சபையில் எல்லோரும் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார்கள். விழுப்பரையர் மட்டும் அங்கவஸ்திரத்தால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார். திருமேனி பணிவாகப் போய் அதை விலக்கினான். உதட்டுக்கு மேலே உரித்த வாழைப்பழம்.

ராஜா உருகிப்போனார். "தங்கள் தந்தையார் காலமாகிவிட்டாரா, விழுப்பரையரே? எமக்குச் சொல்லியனுப்பவில்லையே."

பின்வரிசையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த கிழவர் ஒருவர் தடியை ஊன்றி எழுந்தார். "எவன்டா சொன்னது? நான் இங்கதான இருக்கேன்" என்றார். விழுப்பரையரின் தகப்பனார்தான் அவர்.

விழுப்பரையர் அங்கவஸ்திரத்தை மறுபடி வாய்க்கு இழுத்துக்கொண்டார். மலைக்கோயில் வேண்டுதல் என்றார்.

"முடி காணிக்கை கேட்ட சாமி குடுமியை விட்டுவிட்டு மீசையை மட்டுமா வாங்கிக்கொண்டது?" என்றான் திருமேனி. "அரசே, மீசை இருப்பவனுக்குத்தான் இந்த ஆணையால் பயம். காசையும் விட மனமில்லாமல், பாதி மீசையோடு தெருவில் நடக்கவும் துணிவில்லாமல் இருப்பவன் என்ன செய்வான்? முழுதாக எடுத்துவிட்டு வேண்டுதல் என்பான். சோதனைக்குப் பயந்து காசை வீட்டிலும் விட்டிருக்க மாட்டார்; அவர் மடியை அவிழ்க்க உத்தரவு கொடுங்கள்."

அவிழ்த்தார்கள். உருக்கியதாகச் சொன்ன காசுகள் கலகலவென்று கொட்டின. ராஜா ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் தடவினார். பசு வெண்ணெய் மாதிரி வழவழப்பாக இருந்தது.

"காசு வந்துவிட்டது. மதிப்பையும் சொல்" என்றார்.

"சந்தையில் இது ஒரு கட்டுக் கீரை. வியாபாரி வாயில் ஒரு குதிரை. ஆனால் அந்தக் குதிரையை இதுவரை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. இதற்காக ஒருவர் உண்மையிலேயே கொடுத்தது, பெற்ற தகப்பன் உயிரோடிருக்கும்போதே ஒரு முழு மீசை. அதுதான் இதன் மதிப்பு."

விழுப்பரையரின் தகப்பனார் வெற்றிலையைத் துப்பிவிட்டு, மகன் பக்கம் திரும்பாமலே வெளியே போனார்.

ராஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "ஆணைப்படி பாதி மீசையை மழிக்க வேண்டும். இவரிடம் மழிக்க என்ன இருக்கிறது?"

"அவசரமில்லை, அரசே. வளரட்டும். வளர்ந்ததும் பாதியை எடுத்துக்கொள்வோம்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி மடியில் விழுந்தது. கருவூலச் சாவி வேறு ஆளுக்குப் போயிற்று. திருமேனிக்குப் பட்டுச் சால்வையும், பரிசாக அரை மீசைக் காசு ஒன்றும் கிடைத்தன. நாட்டிலேயே அதை மடியில் வைத்துக்கொள்ள அனுமதி பெற்றவன் அவன் ஒருவன்தான்.

சாயங்காலம் ஆசையாகப் பார்க்கலாமென்று மாடத்தில் கை விட்டால் காசைக் காணோம். அடுப்படியிலிருந்து செண்பகவடிவு குரல் கொடுத்தாள்: "செல்லாக் காசா கெடந்துச்சு. நல்ல வேள, கீரைக்காரி பாக்காம வாங்கிட்டா."