நெய்யன் பார்த்துக் கொடுத்த வீடுகள்

காக்கா நெய்யன் சொல்லும் சேதியைக் கழுதை சோலையன் பல வருடங்களாக முழுதாக நம்பியதே இல்லை.

சேதி எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். நெய்யன் குளக்கரைப் புங்கந்தோப்புக்குள் பறந்து வருவான். தாழ்ந்த கிளையில் உட்காருவான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சோலையா! நொண்டி நாய் முடக்காலன் போன வீடு அவன் வீடாயிடுச்சு!" என்று கத்துவான்.

"அது எப்படி உனக்குத் தெரியும்?"

"தெரியும்!"

அதற்கு மேல் அவனிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது.

அந்தத் தோப்பு ஊருக்கும் காட்டுக்கும் நடுவில் இருந்தது. ஊரார் வேண்டாம் என்று விட்ட பிராணிகள் அங்கேதான் வந்து சேரும். வீடு மாறிப் போனவர்கள் மறந்துவிட்ட நாய் வரும். சாக்கில் கட்டி எறியப்பட்ட பூனைக்குட்டி வரும். சோலையனும் அப்படி வந்தவன்தான். ஒரு காலத்தில் துணிமூட்டை சுமந்தவன். முதலாளி மூன்று சக்கர வண்டி வாங்கிய அன்று அவன் கயிறு அவிழ்ந்தது.

வருகிறவர்களுக்குப் படுக்க இடம் காட்டி, பயம் தெளியும் வரை பக்கத்தில் நிற்பது சோலையனின் வேலை. அவர்களுக்கு ஊரில் ஒரு வீடு பார்ப்பது நெய்யனின் வேலை. புறப்படும் நாய்க்கு நெய்யன் புத்தி சொல்லி அனுப்புவான்: "காலையில் கோலம் போடும்போது போ. மேலே பாயாதே. கோலத்தை மிதிக்காதே. தள்ளி உட்காரு. முதல் நாளே சோறு கேட்காதே!"

நாதியற்று வந்தவர்கள் வாலை ஆட்டிக்கொண்டு ஊருக்குள் திரும்பிப் போவதைப் பார்க்கும்போது சோலையனுக்குப் பெருமையாக இருக்கும். கூடவே பயமும் வரும். 'நல்ல இடத்துக்குத்தான் அனுப்பினோமா? கழுதைதானே நாம், நமக்கு என்ன தெரியும்?' என்று புல்லை மென்றபடியே யோசித்துக்கொண்டு நிற்பான்.

அந்தப் பயத்தில் ஒரு நாள் வம்பன் என்ற கீரி எண்ணெய் ஊற்றினான்.

"சோலையண்ணே! நெய்யன் பார்க்கிற வீடுகளைக் கவனிச்சீங்களா? அத்தனையும் காக்காய்க்குச் சோறு வைக்கிற வீடு! உங்க நாயும் பூனையும் எக்கேடு கெட்டா அவனுக்கென்ன? அவன் வயிறு நிறையுது!"

சோலையன் நெய்யனைக் கூப்பிட்டுக் கேட்டான். "எந்த மாதிரி வீடா பார்த்துச் சொல்றே?"

"சாப்பிடறதுக்கு முன்னாடி மதில்மேல ஒரு பிடி சோறு வெச்சு, காக்காயைக் கூப்பிடற வீடு."

"அதாவது, உனக்குச் சோறு போடற வீடு!"

"எனக்கேதான்! பேரும் தெரியாத ஊரும் தெரியாத ஒரு கருப்புப் பறவைக்கு முதல் பிடியைக் கொடுக்கிறவங்க, வாசலில் வந்து நிற்கிற நாயைக் கல்லால் அடிப்பாங்களா?"

நியாயமான பேச்சுதான். ஆனால் சந்தேகம் நியாயத்தைக் கேட்டு எழுந்து போவதில்லை. நெய்ச்சோற்றில் ஆசை வைத்துப் பெயர் வாங்கியவன் வேறு எப்படிப் பேசுவான் என்று சோலையனுக்குத் தோன்றியது.

அந்த ஐப்பசியில் செவலை வந்தாள். கிழட்டு நாய். ஒரு காது கிழிந்திருந்தது. பின்னங்கால்களில் பலம் இல்லை. ஒரு வீட்டில் நல்ல காலமெல்லாம் காவல் இருந்தாள். பார்வை மங்கியதும் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். பெரிய மழை பிடித்தால் குளம் நிறைந்து தோப்புக்குள் தண்ணீர் வரும். மற்றவர்கள் கரைமேல் ஏறிக்கொள்வார்கள். செவலையால் ஏற முடியாது.

நெய்யன் ஓடியாடி அவளுக்கும் ஒரு வீடு கண்டுபிடித்தான்.

"அரிசி மில்லுக்கு அடுத்த நீலக் கேட் வீடு! பஸ் கண்டக்டரா இருந்து ஓய்வு பெற்றவர். தனி ஆள். செவலைக்கு ஏத்த இடம்!"

"அங்கேயும் காக்காய்க்குச் சோறு உண்டா?" என்றான் சோலையன்.

"உண்டு! அதுக்கென்ன?"

"அப்போ இவளை அனுப்ப மாட்டேன். நீ முன்னாடி சொன்ன வீடுகளை என் கண்ணால் பார்த்த பிறகுதான் அனுப்புவேன்!"

செவலை தலையைத் தூக்கினாள். "அண்ணே, மேகம் கறுத்துக்கிட்டு வருது. எனக்குக் கண்தான் மங்கல், மூக்கு நல்லாத்தான் இருக்கு. மழை கிட்ட வந்துடுச்சு. வீடு நல்ல வீடா இல்லேன்னாலும் கூரை கூரைதானே?"

"இன்னொரு தடவை உன்னைத் தூக்கி எறிஞ்சா உன்னால் தாங்க முடியாதும்மா," என்றான் சோலையன்.

நெய்யன் இறகைச் சிலிர்த்துக்கொண்டான். "போய்ப் பாரு! ஒரு வீடு விடாமல் பாரு!"

மறுநாள் மதியம் சோலையன் ஊருக்குள் போனான். முதலில் முடக்காலன் இருந்த வீட்டுக்குப் போய் எதிரே இருந்த குப்பைத்தொட்டிக்குப் பின்னால் நின்றான். ஒரு பெண் மதில்மேல் சோறு வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டாள். சரியான நேரத்துக்கு நெய்யன் வந்தான்.

'வந்துட்டான் பார்!' என்று சோலையன் பல்லைக் கடித்தான்.

நெய்யன் மதிலில் கால் வைத்ததுதான் தாமதம். முடக்காலன் நொண்டிக்கொண்டே பாய்ந்து வந்தான். குரைத்தான். எம்பினான். நெய்யனின் வாலிலிருந்து ஓர் இறகைப் பிடுங்கியே விட்டான்! நெய்யன் ஒரு பருக்கைகூட எடுக்காமல் பறந்து போனான்.

"டேய், காக்காய்ச் சோறுடா அது! உனக்கு அப்புறம்தான்!" என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே முடக்காலன் தலையைத் தடவினாள்.

அடுத்த வீட்டுக்குப் போனான் சோலையன். அங்கே தோப்பிலிருந்து போன பூனை, சோற்றுக்குப் பக்கத்திலேயே மதில்மேல் படுத்து மீசையை நக்கிக்கொண்டிருந்தது. நெய்யன் தூரத்தில் ஒரு வட்டம் அடித்துவிட்டுப் போய்விட்டான். அதற்கடுத்த வீட்டிலும் நாய் விரட்டியது. கடைசியில் நெய்யன் டீக்கடைக்குப் பின்னால் இறங்கி, யாரோ எறிந்த பஜ்ஜித் துண்டைக் கொத்தினான்.

சோலையன் முடக்காலனிடம் திரும்பி ஓடினான். "நன்றி கெட்டவனே! வீடு பார்த்துக் கொடுத்தவனையா கடிக்கிறே?"

முடக்காலன் வாலை ஆட்டினான். "அண்ணே! விரட்டச் சொன்னதே அவர்தான்!"

"என்ன உளர்றே?"

"வந்த புதுசுல நான் ஒரு மூலையில் சுருண்டு கிடப்பேன். யார் வந்தாலும் குரைக்க மாட்டேன். இது யார் வீடோன்னு பயம். அவர் மதில்ல வந்து உட்கார்ந்து, 'என்னடா, இன்னும் விருந்தாளியாவே இருக்கியா?'ன்னு கேட்டுட்டுச் சோற்றைத் தின்னுட்டுப் போவார். 'என்னை விரட்டணும்னு என்னைக்கு உனக்குத் தோணுதோ, அன்னைக்குத்தான் இது உன் வீடு'ன்னார். ஒரு நாள் தோணுச்சு அண்ணே! குரைச்சேன்! அவர் பறந்து போகும்போது சிரிச்சாரு பாருங்க, அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை! இப்பவும் அப்பப்போ வந்து பார்ப்பார். நான் குரைக்காம விட்டா வருத்தப்படுவார்."

தோப்புக்குத் திரும்பும் வழியெல்லாம் சோலையன் காதுகள் தொங்கிப்போயிருந்தன. வீடுகள் நல்ல வீடுகள்தான். அதில் அவனுக்கு நெஞ்சு விம்மியது. 'ஒவ்வொரு சேதியும் அவனுக்கு ஒரு வேளைச் சோறு போன சேதி. நான் அதைக் காது கொடுத்துக் கேட்டேனா?' என்ற எண்ணம் மட்டும் அவனை விடவில்லை.

தூறல் ஆரம்பித்தது. சோலையன் செவலையைத் தானே அழைத்துக்கொண்டு நீலக் கேட்டுக்குப் போனான். கண்டக்டர் கதவைத் திறந்தார். செவலை நனைந்தபடி வாசல்படியில் நடுங்கிக்கொண்டு நின்றாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"படியில நிக்காதே! உள்ளே ஏறி வா, இடம் இருக்கு!" என்றார்.

செவலை உள்ளே போனாள். அன்றிரவு குளம் நிறைந்தது. தோப்பில் முழங்கால் தண்ணீர்.

மழை விட்டு வெயில் வந்த ஒரு நாள் நெய்யன் தோப்புக்குப் பறந்து வந்தான். வால் பக்கம் பாதி காலி. இளைத்துப்போயிருந்தான். ஆனால் நெஞ்சு எப்போதையும்விட நிமிர்ந்திருந்தது.

"சோலையா! செவலை இன்னைக்கு என்னை விரட்டிட்டா! கண்ணு தெரியாம தூணில் முட்டிக்கிட்டே வந்து விரட்டினா! வாசம் பிடிச்சே என் இறகைப் பிடுங்கிட்டா! அவள் வீடாயிடுச்சு!"

தோப்பே ஆரவாரம் செய்தது. வம்பன் மட்டும் சத்தமில்லாமல் புதருக்குள் நழுவினான்.

"ஊர்ல உனக்குச் சோறு கிடைச்ச கடைசி வீடு அது, இல்லையா?" என்றான் சோலையன்.

நெய்யன் காதில் விழாததுபோல் மிச்சமிருந்த இறகுகளைக் கோதினான்.

சோலையன் அவன் உட்கார்ந்திருந்த கிளைக்கு அடியில் போய் நின்றான். இத்தனை வருடங்களில் நெய்யனிடம் அவன் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறான். எல்லாம் சந்தேகக் கேள்விகள். முதலில் கேட்டிருக்க வேண்டியதை அன்றுதான் கேட்டான்.

"நெய்யா, நீ சாப்பிட்டியா?"

ஒருவன் செய்யும் நன்மையில் அவனுக்கு என்ன கிடைக்கிறது என்று மட்டும் துருவுகிறவன், அதற்காக அவன் எதை இழக்கிறான் என்பதைக் காணாமலே போவான்.