மலைமைனா தர வேண்டிய சொல்

சுருளனுக்கு முதலில் கெடுதல் செய்தது மலைமைனாதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

சுருளன் ஓர் அழுங்கு. எறும்பும் கறையானும் தின்று பிழைக்கிற பிராணி. அழுங்குக்குப் பல் கிடையாது. நீளமான நாக்கு உண்டு, மண்ணைக் கிளற நல்ல நகம் உண்டு, முதுகிலிருந்து வால் நுனிவரை கெட்டியான செதில் உண்டு. பயம் வந்தால் அது ஓடாது, கடிக்காது. தலையை வயிற்றுக்குள் செருகி, வாலால் மூடி, பந்தாகச் சுருண்டுகொள்ளும். அப்புறம் சிறுத்தையே வந்தாலும் பிரிக்க முடியாது. ஆனால் சுருண்டு கிடக்கும்போது வெளியில் யார் என்ன பேசினாலும் அதன் காதில் விழாது.

குட்டியாக இருந்தபோது சுருளன் எதற்கெடுத்தாலும் சுருண்டுகொள்வான். காய்ந்த இலை விழுந்தால்கூடச் சுருள்வான். அம்மா அவனைத் திட்டமாட்டாள். மூக்கால் முதுகில் மூன்று முறை தட்டுவாள். டொக், டொக், டொக். பயம் போய்விட்டது, வெளியே வா என்று அதற்கு அர்த்தம். அவன் அவிழ்ந்து, அம்மாவின் வால்மேல் ஏறிப் படுத்துக்கொள்வான். அவள் அவனைச் சுமந்துகொண்டே எறும்பு தேடப் போவாள்.

வளர்ந்த பிறகு சுருளன் இரண்டு மேடு தாண்டிக் குடிபோனான். அங்கே புற்றுக்குக் குறைவில்லை. அப்பாவும் அம்மாவும் செங்கானோடைக் கரையில் பழைய வளையிலேயே இருந்தார்கள். அடுத்த வாரம் போய்ப் பார்க்கலாம் என்று நினைப்பான். அடுத்த வாரம் ஒரு புதுப் புற்று கண்ணில் படும்.

போன வருஷ மழையில் அம்மா படுத்துவிட்டாள். மகனுக்கு ஒரு சேதி சொல்லி அனுப்பினாள். அந்தக் காட்டில் சேதி கொண்டுபோகிற வேலை மலைமைனாவுடையது. மலைமைனா சேதியை அனுப்பியவர் குரலிலேயே சொல்லும். அவர் இழுத்த இடத்தில் இழுக்கும், இருமிய இடத்தில் இருமும்.

காலையில் கிளம்பினால் உச்சிப்பொழுதுக்குள் வந்துவிடலாம். மைனா எட்டு நாள் கழித்து வந்தது. வழியில் ஓர் அத்திமரம் பழுத்திருந்ததாம்.

"உங்கம்மா போயி ஆறு நாளாச்சு, அண்ணாச்சி" என்றது. அத்திப்பழச் சாறு அப்போதும் அதன் அலகில் ஒட்டியிருந்தது. அதைச் சுருளன் மறக்கவே இல்லை.

அம்மா அனுப்பிய சேதி மட்டும் அவனுக்குக் கிடைக்கவில்லை. அவன் நிமிர்ந்து பார்த்தபோது மைனா இல்லை. கிளை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

ஒரு வருஷம் மைனாவைத் தேடினான். அப்பாவைப் பார்க்கப் போகவில்லை. அம்மாவை எட்டிப் பார்க்காதவன் எந்த முகத்தோடு அந்த வளைக்குள் நுழைவது? அந்தச் சேதியாவது கையில் இருக்கட்டும், பிறகு போகலாம் என்று தள்ளிப்போட்டான். கடைசியில், மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், பட்டுப்போன ஒரு மருதமரப் பொந்தில் மைனாவைக் கண்டுபிடித்தான். மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"எங்கம்மா சொன்னதைச் சொல்லு."

"பசியில ஞாபகம் வரமாட்டேங்குது, அண்ணாச்சி. ஒரு கறையான் புற்றைக் கிளறிவிடுங்க. நாலு வாய் தின்னா தானா வந்துரும்."

சுருளன் கிளறிவிட்டான். மைனா வயிறு புடைக்கத் தின்றது. பிறகு கண்ணை மூடி, தொண்டையை உப்பிக்கொண்டு, "அய்யா…" என்றது.

அம்மாவின் குரல். அம்மா அப்படித்தான் கூப்பிடுவாள். கடைசியில் ஒரு சின்ன மூச்சிரைப்பு வரும். அதுகூட அப்படியே இருந்தது. சுருளனின் செதில்களெல்லாம் ஒருமுறை சிலிர்த்து அடங்கின.

"அப்புறம்?"

"அப்புறம் நாளைக்கு. தொண்டை கட்டிக்கிச்சு."

மறுநாள் இன்னொரு புற்று. மறுபடி ஓர் "அய்யா". மறுபடி நாளைக்கு. இப்படியே பதினோரு நாள், பதினோரு புற்று.

பன்னிரண்டாம் நாள் காலையில் கீரி அந்தப் பக்கம் வந்தது. கீரிக்கு ஓடைக்கரைப் பக்கம்தான் வீடு.

"என்ன வே, மரத்துக்குக் காவலா? மைனா சம்பளம் எதுவும் தருதா?"

கீரி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தியது.

"உங்கப்பாவைப் பார்த்தேன். நகமெல்லாம் தேஞ்சு மொட்டையாயிருச்சு. புற்று உடைக்க முடியல. கீழே போற வர்ற எறும்பை நக்கிக்கிட்டுக் கிடக்காரு."

"ஏதாவது சொன்னாரா?"

"'பையனைப் பார்த்தா சும்மா வந்துட்டுப் போகச் சொல்லு, அவசரம் ஒண்ணுமில்ல'ன்னாரு."

அப்பா எதற்கும் ஆளனுப்புகிறவர் இல்லை.

"மேற்க மழை இறங்கிருச்சு" என்றது கீரி. "ஓடைத் தண்ணி வளை வாசலுக்கு நாலு முழம் கீழ நிக்குது. அந்த மனுஷனால தனியா மேட்டுக்கு ஏற முடியாது."

"நாளைக்குப் போறேன். இன்னைக்கு மிச்சத்தைச் சொல்லிருவேன்னு மைனா சொல்லியிருக்கு."

"போன வருஷம் உங்கம்மாவுக்கு அடுத்த வாரம்னு சொன்ன. இப்ப நாளைக்கு. பரவாயில்ல, முன்னேறியிருக்க" என்று சொல்லிவிட்டுக் கீரி தன் குட்டிகளை மேட்டுக்கு ஏற்றப் போனது.

சுருளன் ஓடையைப் பார்த்துப் பத்தடி நடந்தான். நின்றான். நான் போனதும் மைனா பறந்துவிட்டால்? அம்மாவின் குரல் அதோடு போய்விடுமே. திரும்பி வந்தான். அப்பாவின் நகம் ஞாபகம் வந்தது. மறுபடி பத்தடி நடந்தான்.

"தாராளமா போயிட்டு வாங்க, அண்ணாச்சி" என்றது மைனா மேலிருந்து. "நான் இருந்தா இருப்பேன்."

சுருளன் திரும்பி வந்து உட்கார்ந்தான். உட்கார முடியவில்லை, எழுந்தான். மேற்கே வானம் கறுத்துக்கொண்டே வந்தது.

உச்சிப்பொழுதில் கீரி நனைந்துகொண்டு மறுபடி வந்தது. "ரெண்டு முழம்" என்றது. அவ்வளவுதான் சொன்னது.

"மைனா, இப்பவே சொல்லு!" என்று கத்தினான் சுருளன்.

"அந்தப் பெரிய புற்றையும் உடைச்சுவிடுங்க. முழுசா சொல்லிர்றேன்."

அது ஆள் உயரப் புற்று, பாறை மாதிரி இறுகிக் கிடந்தது. சுருளன் அதன்மேல் விழுந்து கிளறினான். ஒரு நகம் ஒடிந்தது. மழை பெரிதானது. புற்று உடைந்து கறையான் சிதறியது. மைனா இறங்கி நிதானமாகத் தின்றது, அலகைக் கல்லில் துடைத்தது, கிளைக்குப் போனது, தொண்டையை உப்பியது.

"அய்யா…"

அதோடு நின்றது. தலையைச் சாய்த்து யோசித்தது.

"உண்மையைச் சொல்லட்டா, அண்ணாச்சி? எனக்கு இவ்வளவுதான் தெரியும்."

"என்ன?"

"நான்தான் அன்னைக்கே சொல்லிட்டேனே. அம்மா போயிட்டாங்கன்னு சொன்ன உடனே நீங்க சுருண்டுட்டீங்க. உங்க முதுகு மேல உட்கார்ந்து, முதல்ல இருந்து கடைசி வரைக்கும் அவங்க குரல்லயே சொல்லிட்டுத்தான் போனேன். சொல்லி இறக்கின சேதி எங்க தொண்டையில தங்காது. அடுத்தது ஏறிரும். முதல் சொல்லு மட்டும் எப்படியோ ஒட்டிக்கிட்டு நிக்குது."

அம்மாவின் கடைசிப் பேச்சு அவன் முதுகிலேயே விழுந்திருக்கிறது. அவன் உள்ளே காதை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறான்.

"அப்போ பன்னிரண்டு புற்று?"

"பசிச்சுது" என்றது மைனா.

சுருளன் மரத்தில் ஏறத் தொடங்கினான். அழுங்குக்கு மரம் ஏறத் தெரியும். ஒடிந்த நகத்தில் ரத்தம் வர, வாலால் அடிமரத்தைப் பற்றிக்கொண்டு பாதி தூரம் ஏறிவிட்டான்.

"ஏறு வே, ஏறு" என்றது கீரி கீழிருந்து. "அந்தத் தொண்டைக்குள்ள இனிமே ஒண்ணும் இல்லைன்னு அதுவே சொல்லுது. பேசுற தொண்டை ஒண்ணு ஓடைக்கரையில இருக்கு. அது முங்கப் போகுது."

சுருளன் நின்றான். மேலே பார்த்தான். கீழே பார்த்தான்.

"நீ எனக்குத் தர வேண்டியது இருக்கு. நான் அதை விட்டுட்டேன்னு நெனைக்காதே" என்று மைனாவிடம் சொல்லிவிட்டு இறங்கினான்.

ஓடை கீரிக்கு ஓர் ஓட்டம்தான், அழுங்குக்கு அரைப்பொழுது நடை. அழுங்கின் கால்கள் குட்டை. மழை கண்ணை மறைத்தது. முதல் மேட்டில் இடி ஒன்று தலைக்கு நேர் மேலே விழுந்தது. அவ்வளவுதான், சுருளன் பந்தாகிவிட்டான். நினைத்துச் செய்ததல்ல. உடம்பு தானாகச் செய்தது.

உள்ளே இருட்டு, அமைதி. மழைச் சத்தம்கூட இல்லை. எவ்வளவு நேரம் கிடந்தான் என்று அவனுக்கே தெரியாது. அவிழ்ந்து பார்த்தபோது சுற்றிலும் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. இவ்வளவு நேரத்தில் வளை என்ன ஆகியிருக்கும்? நடந்தான்.

இரண்டாவது மேட்டில் ஒரு நரி குறுக்கே வந்தது. சுருளனின் தலை தானாக வயிற்றுப் பக்கம் குனிந்தது. அவன் அதை வலுக்கட்டாயமாக நிமிர்த்தினான். நடந்துகொண்டே இருந்தான். நரி வாலைக் கவ்விப் பார்த்தது. செதில் பல்லைக் கூசவைத்தது.

"ஏம்ப்பா, நீ சுருளணுமே? எல்லா அழுங்கும் சுருளுமே?"

"நேரமில்ல."

நரிக்கு இது விளங்கவில்லை. மழையில் நின்று அவன் போவதையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஓடைக்கரைக்கு வந்தபோது, செந்நிறத் தண்ணீர் வளை வாசலுக்குள் போய்க்கொண்டிருந்தது. சுருளன் உள்ளே நுழைந்தான். கடைக்கோடியில், பாதி தண்ணீரில், ஒரு பழைய பந்து கிடந்தது. செதிலெல்லாம் வெளிறிப்போயிருந்தது.

"அப்பா."

பந்து அசையவில்லை. உலுக்கினான். கத்தினான். சுருண்டவருக்குக் காது கேட்காது என்று தெரிந்தும் கத்தினான். சுருண்டு கிடக்கிறாரா, போய்விட்டாரா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தண்ணீர் அவன் வயிற்றைத் தொட்டது. பக்கத்திலேயே தானும் சுருண்டு கிடந்துவிடலாம் என்று அவன் உடம்பு கெஞ்சியது.

சுருளன் மூக்கை அப்பாவின் முதுகில் வைத்துத் தட்டினான். டொக், டொக், டொக்.

ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் இன்னும் ஏறியது.

மறுபடி தட்டினான்.

ஒரு செதில் லேசாகத் தூக்கிக்கொண்டது. வால் இளகியது. அப்பாவின் சுருங்கிய முகம் வெளியே வந்து அவனைப் பார்த்தது.

"நீயாலே? உங்கம்மா தட்டுற மாதிரியே இருந்துச்சு. அவதான் வந்துட்டான்னு நெனச்சேன்."

"வாலுல ஏறுங்கப்பா."

"நான் என்ன குட்டியா?"

"ஏறுங்க. தண்ணி நாம பேசி முடிக்கிற வரைக்கும் நிக்காது."

அப்பா தேய்ந்த நகங்களால் மகனின் வாலைக் கட்டிக்கொண்டார். கனமே இல்லை. சுருளன் தண்ணீருக்குள் தலையைக் கொடுத்து, மூச்சை அடக்கி, வாசலைத் தாண்டினான். கரை வழுக்கியது. இரண்டு முறை சறுக்கினான். மூன்றாம் முறை ஒரு வேர் கிடைத்தது. மேட்டுப் பாறையில் அப்பாவை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, வளை இருந்த இடத்தில் ஓடைதான் இருந்தது.

மழை ஓய்ந்ததும் சுருளன் ஒரு புற்றை உடைத்து அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்தான். அவர் நாக்கை நீட்டி ஆசையாகத் தின்றார். நடுநடுவே இருமினார். ஒவ்வொரு இருமலுக்கும் சுருளன் கிளறுவதை நிறுத்தி அவரைப் பார்த்தான். இவர் இன்னும் எத்தனை நாள்? இந்த வருஷத்தைத்தானே மைனாவைத் தேடித் தொலைத்தேன்?

"அப்பா, அம்மா எனக்கு என்ன சொல்லி அனுப்பினா?"

"தெரியலையே, அய்யா. நான் எறும்பு பார்க்கப் போயிருந்தேன். திரும்பி வந்தப்போ மைனா காதுல என்னமோ சொல்லிக்கிட்டிருந்தா. எனக்குக் கேக்கல."

சுருளன் தலை குனிந்தான். அப்பா இன்னும் நாலு கறையானை நக்கிக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"ஒருநாள் உன்னை வாலுல ஏத்திக்கிட்டுப் போனா. நீ நடுவழியில விழுந்துட்ட. அது தெரியாமலே புற்று வரைக்கும் போயிட்டா. அப்புறம் திரும்பி ஓடி வந்தா பாரு! அழுங்கு ஓடி நீ பார்த்திருக்கியா? நான் அன்னைக்குத்தான் பார்த்தேன். நீ இதே பாறைக்குக் கீழ உருண்டையா கிடந்த."

இந்தக் கதையைச் சுருளன் அதுவரை கேட்டதே இல்லை.

அன்றிலிருந்து அவன் அப்பாவோடுதான் இருந்தான். அப்பா அந்தக் கதையை மறுநாளும் சொன்னார், அதற்கு மறுநாளும் சொன்னார். சொன்னது அவருக்கு மறந்துபோயிற்று. சுருளன் ஒவ்வொரு முறையும் முதல்முறை போலக் கேட்டான்.

ஒருநாள் பாறைக்கு மேலே மலைமைனா வந்து உட்கார்ந்தது.

"அண்ணாச்சி, மிச்சம் ஞாபகத்துக்கு வர்ற மாதிரி இருக்கு. ஒரு புற்று மட்டும்…"

சுருளன் நிமிர்ந்து பார்த்தான். "நீ எனக்கு ஒரு சேதி தரணும், பன்னிரண்டு புற்று தரணும். நீ மறந்தாலும் நான் மறக்கல" என்றான். பிறகு அப்பா பக்கம் திரும்பிக்கொண்டான். "நீங்க சொல்லுங்கப்பா. அம்மா ஓடி வந்தா, அப்புறம்?"

மைனா பறந்துபோனது. அது தர வேண்டிய சொல் இன்றுவரை வந்து சேரவில்லை.

மறைந்த தாய் சொன்ன ஒரு சொல்லுக்காக ஏங்குகிறவர்கள், இருக்கிற தகப்பன் பேசும்போதே பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டுக்கொள்ள வேண்டும்.